ஒரு அடிக்கு மூன்றரை மில்லிமீட்டர்

மாடல் ரயிலுக்குத் தண்டவாளம் கடையில் கிடைக்கும். என்ஜின் கிடைக்கும், பெட்டிகள் கிடைக்கும், சிக்னல் கம்பம்கூடக் கிடைக்கும். குமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கத்து ஓட்டு வீடு எந்தக் கடையிலும் கிடைக்காது. ஜெர்மனியின் ஃபாலர், அமெரிக்காவின் வால்தர்ஸ் போன்ற நிறுவனங்கள் மாடல் ரயிலுக்கென்றே கட்டடப் பாகங்கள் கொண்ட பெட்டிகள் விற்கின்றன. அவற்றில் மலை வீடு இருக்கிறது, தேவாலயம் இருக்கிறது, தானியக் கிடங்கு இருக்கிறது. வாசல் கட்டடமான படிப்புரையும் தாழ்வாரமும் வைத்து, பாசி பிடித்துக் கறுத்த ஓடு வேய்ந்த வீடு வேண்டுமென்றால் நாமே கட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஆறு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

எனக்கு மார்த்தாண்டத்தில் ஓர் அச்சகத்தில் பைண்டிங் வேலை. அட்டை, பசை, கத்தி, இரும்பு ஸ்கேல் என்று இருபத்தெட்டு வருடம் ஓடிவிட்டது. ஒரு விடுமுறையில் தம்பி மஸ்கட்டிலிருந்து வந்தபோது என் மகனுக்கு மாடல் ரயில் செட் ஒன்று கொண்டுவந்தான். ஒரு என்ஜின், மூன்று பெட்டிகள், வட்டமாகப் பூட்டிக்கொள்ளும் தண்டவாளம், மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு கன்ட்ரோலர். மகன் இரண்டு மாதம் ஆசையாக ஓட்டினான். பிறகு பிளஸ் டூ வந்தது. செட் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது. அம்மை வீட்டை விற்றாகிவிட்டது, வாங்கியவர்கள் மாதக் கடைசியில் இடிக்கப்போகிறார்கள் என்று பெரியம்மை போனில் சொன்ன வாரத்தில் அதை நான் கீழே இறக்கினேன்.

அந்த வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பு. தோப்பின் எல்லையில் மண்ணை ஆழமாக வெட்டிய செம்மண் சரிவு. அதற்குள் ரயில் பாதை. கன்னியாகுமரிக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையிலான இந்தப் பாதை 1979-இல் திறக்கப்பட்டபோது எனக்கு ஐந்து வயது. இரவு ரயில் போகும்போது உள்ளறையில் படுத்திருந்தால் கூரையைத் தாங்கும் கழுக்கோல் லேசாக அதிரும். ஓட்டிடுக்கிலிருந்து ஒரு பொட்டுத் தூசி முகத்தில் விழும். வீடு வேறு, ரயில் வேறு என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அதனால்தான் வீட்டின் நினைவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றபோது, கை நேராக அந்த ரயில் செட்டுக்குப் போனது.

இடிப்பதற்குப் பதினொரு நாள் இருந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் கிடைத்தன. முதல் ஞாயிறு டேப்போடு போய்க் கண்ணில் பட்டதையெல்லாம் அளந்தேன். வீட்டுக்கு வந்து வரைய உட்கார்ந்தபோதுதான் முக்கால்வாசி அளவு உதவாது என்று தெரிந்தது. ஜன்னலின் அகலம் இருந்தது. சுவரில் அந்த ஜன்னல் எந்த இடத்தில் என்பது இல்லை. கதவின் உயரம் இருந்தது; அது வாசற்படியிலிருந்தா, முற்றத்துத் தரையிலிருந்தா என்று எழுதியிருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு முறையை மாற்றினேன். ஒவ்வொரு சுவருக்கும் நோட்டில் ஒரு பக்கம். சுவரின் இடது மூலையில் டேப்பின் நுனியை வைத்தால் மறு மூலை வரும்வரை எடுக்கக் கூடாது. ஜன்னல் தொடங்கும் இடம், முடியும் இடம், கதவு தொடங்கும் இடம் என்று ஒரே ஓட்டமாகப் படித்து எழுத வேண்டும். துண்டு துண்டாக அளந்து கூட்டினால் ஒவ்வொரு துண்டிலும் கால் அங்குலம் பிசகி, கடைசியில் சுவர் அரை அடி நீண்டுவிடும். உயரங்கள் எல்லாம் ஒரே தரையிலிருந்து. எட்டாத உயரத்துக்கு ஆறடிக் கம்பு ஒன்றில் அடிக்கொரு கறுப்பு, அடிக்கொரு வெள்ளை என்று பெயிண்ட் அடித்து, பக்கச் சுவரோடு ஒட்டிச் செங்குத்தாக நிறுத்தி, நேர் எதிரே தள்ளி நின்று படம் எடுத்தேன். படத்தில் கம்பு எத்தனை சென்டிமீட்டர், முகடு எத்தனை சென்டிமீட்டர் என்று பார்த்தால் முகட்டின் உயரம் தானாகக் கிடைத்துவிடுகிறது. சாய்ந்து நின்று எடுத்த படம் இதற்கு ஆகாது.

ஓட்டு வரிசைகளையும் எண்ணினேன். முன் சரிவில் இறவாரத்திலிருந்து முகடு வரை பதினான்கு வரிசை. இந்த ஓர் எண் பின்னால் என்னை எவ்வளவு காப்பாற்றியது என்று பிறகு சொல்கிறேன். அடுக்களைப் பக்கத்துச் சுவரை மட்டும் அளக்கவில்லை. அங்கே விறகு அடுக்கியிருந்தது. ஒரு சுவர்தானே, நினைவிலிருந்து போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். முகப்பை நாம் ஆயிரம் முறை பார்த்திருப்போம், அது மறக்காது. மறப்பது பின்சுவர்தான். அளக்கப் போகிறவர்கள் பின்சுவரிலிருந்து தொடங்குங்கள்.

இனி அளவைச் சுருக்கும் கணக்கு. தம்பி கொண்டுவந்த செட் எச்.ஓ. என்ற அளவைச் சேர்ந்தது. உலகத்தில் அதிகம் பேர் கையாளும் அளவு இதுதான்: உண்மையில் 87 பங்கு இருப்பது மாடலில் 1 பங்கு. 87-ஆல் வகுக்கக் கால்குலேட்டரைத் தேட வேண்டாம். எச்.ஓ. அளவின் வரையறையே ஓர் அடிக்கு மூன்றரை மில்லிமீட்டர் என்பதுதான். நம் கொத்தனாரும் ஆசாரியும் இன்றும் அடியில்தானே பேசுகிறார்கள்; அந்தப் பேச்சை மூன்றரையால் பெருக்கினால் மாடலின் அளவு. வீட்டின் முகப்பு 34 அடி என்றால் 119 மில்லிமீட்டர். இறவாரம் 7 அடி என்றால் இருபத்து நான்கரை. பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் பழைய ரயில் பெட்டி 70 அடி. மாடலில் 245 மில்லிமீட்டர்.

தண்டவாளத்தில் மட்டும் இந்தக் கணக்கு இடிக்கும். எச்.ஓ. தண்டவாளத்தின் உள் அகலம் 16.5 மில்லிமீட்டர். அது ஐரோப்பா, அமெரிக்காவின் 1,435 மில்லிமீட்டர் பாதைக்கு வகுத்த அளவு. நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 19.3 வர வேண்டும். துல்லியமாக வேண்டுமென்றால் தண்டவாளம், பாதை பிரியும் இடத்துப் பாயிண்ட், சக்கரம் எல்லாவற்றையும் கையால் செய்ய வேண்டும். அப்படிச் செய்கிறவர்கள் மேல் எனக்குப் பெரும் மரியாதை உண்டு. நான் 16.5-ஐயே வைத்துக்கொண்டேன். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது யாருக்கும் தெரிவதில்லை. பாதையின் நேர் முனையில் குனிந்து பார்த்தால்தான் பெட்டி கொஞ்சம் ஒடுங்கிய காலில் நிற்பது தெரியும். எங்கே விட்டுக்கொடுப்பது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துவிடுவது நல்லது. நான் பாதையில் விட்டுக்கொடுத்தேன், கட்டடத்தில் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆசைகளிலும் சிலவற்றை விட வேண்டியிருந்தது. மாத்தூர் தொட்டிப்பாலத்தை ஒரு மூலையில் வைக்க வேண்டும் என்று கனவு கண்டேன். 115 அடி உயரத்தை மூன்றரையால் பெருக்கினால் 40 சென்டிமீட்டர். மேசையில் மற்ற எல்லாவற்றையும் அது விழுங்கிவிடும். ரயிலும் அப்படித்தான். இருபத்திரண்டு பெட்டி கொண்ட எக்ஸ்பிரஸை அளவோடு செய்தால் வண்டி மட்டும் ஐந்து மீட்டரைத் தாண்டும். எட்டடிக்கு நாலடிப் பலகையில் நான்கு பெட்டிப் பாசஞ்சர்தான் அழகாக நிற்கும். நான்கு பெட்டி வண்டி நிற்கும் ஊர் எப்படி இருக்கும் என்று யோசித்தபோது, நிலையத்தின் வடிவம் தானாக வந்துவிட்டது: ஒரே நடைமேடை, ஓடு வேய்ந்த சின்ன அலுவலறை, வேப்பமரத்தடியில் சிமென்ட் பெஞ்ச், வெளியே ஒரு சாயாக்கடை. மின்கம்பி வருவதற்கு முந்தைய டீசல் காலம். மஞ்சள் பெயர்ப்பலகையில் கறுப்பு எழுத்தில் அம்மை வீடு இருந்த விளையின் (தோட்டத்தின்) பெயரையே மூன்று மொழியிலும் எழுதி, அடியில் கடல்மட்ட உயரத்தையும் போட்டேன்.

பலகைக்கு வருகிறேன். இங்கேதான் இரண்டு முறை அடிபட்டேன்.

நம் மாவட்டத்தில் ரப்பர் மரம் மலிவு. குலசேகரம் பக்கமிருந்து வந்த ரப்பர் பலகையில் சட்டம் அடித்தால் செலவு குறையும் என்று சட்டம் முழுக்க அதிலேயே செய்தேன். நான்கு மாதத்தில் மேசைக்குக் கீழே மாவு போலக் குவியல் குவியலாகத் தூள். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். மருந்தேற்றாத பலகையை வண்டு துளைத்துவிடும், மழைக்காலத்தில் பூஞ்சையும் பிடிக்கும். மருந்தேற்றிப் பதப்படுத்திய ரப்பர் மரம் நல்ல மரம்தான். அறுத்து வந்த ஈரப்பலகையைத்தான் தொடக் கூடாது. சட்டத்தைப் பிரித்துவிட்டு, 12 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட்டை மேலேயும் கீற்றாக அறுத்துக் கீழேயும் போட்டேன். ஐ.எஸ். 710 என்று இந்தியத் தர முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டு பருவமழையும் வாங்கும் ஊரில் சாதாரண பிளைவுட் ஒட்டுவிடும்.

இரண்டாவது அடி இன்னும் பெரிய பாடம். அக்டோபரில், வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது, தண்டவாளத்தைப் பலகையில் இடைவெளியே விடாமல் கச்சிதமாகப் பொருத்தி ஆணி அடித்தேன். அழகாக ஓடியது. மார்ச்சில் ஒருநாள் என்ஜின் நேர்ப்பாதையில் தடம் புரண்டது. கண்ணைத் தண்டவாள மட்டத்துக்கு இறக்கிப் பார்த்தால், நேராக இருந்த பாதை பாம்பு போல நெளிந்திருந்தது. வெயிலில் இரும்பு நீளுகிறது என்றுதான் முதலில் எல்லோரையும் போல நினைத்தேன். மாடியறையின் சூடு அந்தச் சின்னத் தண்டவாளத்தை அவ்வளவு நீட்டாது. பைண்டிங் அறையில் மழைக்காலத்தில் அட்டை உப்புவதையும் கோடையில் சுருங்குவதையும் தினமும் பார்க்கிறவள் நான். இங்கே சுருங்கியது மரம். மழையில் ஈரம் குடித்து விரிந்திருந்த சட்டத்தின் மேல் பாதையை இறுக்கிவிட்டேன். கோடையில் மரம் சுருங்கியதும் தண்டவாளத்துக்குப் போக இடமில்லை.

சரிசெய்த விதம்: பலகையின் மேல், கீழ், நான்கு ஓரம், ஆணித் துளை வரை எல்லாவற்றுக்கும் பிரைமர் இரண்டு கோட். மேல்பக்கம் மட்டும் அடித்தால் கீழ்ப்பக்கம் ஈரம் குடித்துப் பலகை வளையும். பிறகு மூன்றடிக்கு ஒரு முறை தண்டவாள இணைப்பில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. இணைப்புத் தகட்டை நம்பி மின்சாரத்தை அனுப்பினால் உப்புக்காற்றில் தகடு பாசி பிடித்து மின்சாரம் நின்றுவிடும். அதனால் ஒவ்வொரு துண்டுத் தண்டவாளத்துக்கும் அடியிலிருந்து தனியாக ஒரு ஜோடி வயர் சால்டர் செய்து, மேசைக்கடியில் ஓடும் தடித்த வயரோடு சேர்த்தேன். அன்றிலிருந்து மூலைக்குப் போனால் வண்டி சோர்வதும் நின்றது.

ஜல்லியைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. உண்மைப் பாதையின் ஜல்லி 65 மில்லிமீட்டர் வரை இருக்கும். மாடலில் அது முக்கால் மில்லிமீட்டர் கல். அதாவது மணல். நம்மிடம் இல்லாத மணலா என்று மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரைக்குப் போனபோது காலில் ஒட்டிவந்த மணலைச் சேர்த்துவைத்துப் பாதையின் ஒரு பகுதியில் போட்டேன். கறுப்பும் சாம்பலுமாகப் பார்க்க அவ்வளவு பொருத்தம். மூன்றாம் வாரம் என்ஜின் முனகியது. ஒருநாள் சாயங்காலம் நிலையத்துக்கு ஒரு சாண் முன்னால் அப்படியே நின்றது, தொட்டால் கை சுட்டது.

பழைய செய்தித்தாளை விரித்து, திருகுகளை ஒவ்வொன்றாக டேப்பில் ஒட்டிவைத்துக்கொண்டு மேல்கூட்டைக் கழற்றினேன். மோட்டாரின் காந்தத்துக்கும் சுழலும் பகுதிக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளிதான் இருக்கும். அங்கே கண்ணுக்கு மை தீட்டியது போல ஒரு கறுப்புக் கோடு. ஊசி முனையால் தொட்டேன், மணல். தட்டினால் விழவில்லை. ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றைப் புட்டியில் மிச்சமிருந்த மணலுக்குள் விட்டு எடுத்தபோது, அது தாடி முளைத்துக்கொண்டு வெளியே வந்தது. நம் கடற்கரையின் கருமணலில் இல்மனைட் இருக்கிறது. டைட்டானியமும் இரும்பும் சேர்ந்த கனிமம் அது. காந்தத்துக்கு இழுபடும். மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் அருமணல் ஆலை பிரித்தெடுக்கும் கனிமங்களில் முக்கியமானது இதுதான். சின்ன வயதிலிருந்து தெரிந்த விஷயம், மேசைக்கு வந்தபோது தோன்றவில்லை. கடல் மணலில் உப்பும் இருப்பதால் தண்டவாளத்தின் பக்கங்களில் பச்சை பிடிக்கத் தொடங்கியிருந்தது.

ஒரு மீட்டர் பாதையைச் சுரண்டி எடுக்க நான்கு இரவு ஆனது. இப்போது நான் போடுவது எம்-சாண்ட். கல்லை உடைத்துச் செய்யும் மணல் என்பதால் ஓரங்கள் கூர்மையாக, குட்டி ஜல்லி போலவே இருக்கும். மெல்லிய தேயிலை வடிகட்டியில் சலித்துத் தூளைத் தள்ளி, கொஞ்சம் பெரிய கண்ணுள்ள வடிகட்டியில் சலித்துக் கல்லைத் தள்ளி, நடுவில் நிற்பதைக் கழுவிக் காயவைத்து, காந்தத்தை நான்கு முறை துழாவி எடுத்த பிறகே பாதைக்குப் போகிறது. பாதையில் தூவித் தூரிகையால் ஒழுங்குபடுத்தி, பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்ட தண்ணீரைப் புகை போலத் தெளிக்க வேண்டும். கல் நனைந்த பின் ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக விடலாம். நனைக்காமல் பசை விட்டால் சொட்டு உருண்டு, கல்லையெல்லாம் கட்டியாக்கிவிடும். பாயிண்ட்டின் அசையும் நாக்குக்குப் பக்கத்தில் மட்டும் பசையே வேண்டாம்.

இனி வீடு. எனக்குத் தெரிந்த தொழில் இங்கேதான் கைகொடுத்தது.

அட்டைக்கு நார் ஓட்டம் உண்டு. ஒரு துண்டு அட்டையை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி மெல்ல வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் எளிதாக வளையும், மறுபக்கம் முறைக்கும். எளிதாக வளைவது நாரோடு ஒட்டிச் சுருளும்போது. ஈரம் பட்டால் அட்டை விரிவது நாருக்குக் குறுக்கே. ஆகவே சுவரை ஒற்றை அட்டையில் வெட்டாமல் இரண்டு மெல்லிய அட்டைகளை, ஒன்றின் நார் நின்றவாக்கிலும் மற்றதன் நார் கிடந்தவாக்கிலும் வைத்து ஒட்டினால், ஒன்றை மற்றது பிடித்துக்கொள்ளும். ஒட்டியதும் கனமான புத்தகங்களுக்கடியில் ஓர் இரவு. அதன் பிறகு ஜன்னல் வெட்ட வேண்டும். வெட்டிவிட்டு ஒட்டினால் ஓட்டைகள் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. உட்புறம் கறுப்பு பெயிண்ட் அவசியம். அது ஈரத்தைத் தடுக்கும். பின்னால் விளக்கு போடும்போது சுவர் வழியே வெளிச்சம் கசியாமலும் பார்த்துக்கொள்ளும்.

காகிதம் ஒட்ட மைதாப் பசை எனக்குப் பிடித்தமானது. தோப்புச் சரிவுக்குச் செய்தித்தாளை அடுக்கடுக்காக அதில்தான் ஒட்டினேன். எங்கள் தொழிலில் பசை காய்ச்சும்போது மயில்துத்தம் ஒரு சிட்டிகை போடுவோம். இல்லையென்றால் கரப்பானும் பூச்சியும் தின்றுவிடும். துத்தம் விஷம், சமையல் பாத்திரத்தில் காய்ச்சக் கூடாது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஃபெவிகாலே நல்லது. ஜன்னலுக்குக் கண்ணாடியாக வைக்கும் பிளாஸ்டிக் தாளுக்கு மட்டும் ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசையைக் கொண்டுபோகாதீர்கள். அதன் ஆவி பட்டுத் தாள் பால் போல வெளுத்துவிடும்.

கூரைக்கு மட்டும் மூன்று மாதம் எடுத்துக்கொண்டேன். முதலில் கடையில் விற்கும் நெளிவு அட்டையை அப்படியே வைத்தேன். தகரக் கொட்டகை போல இருந்தது. ஓட்டுக் கூரைக்கு உயிரே அந்தப் படிப்படியான அடுக்கில்தான் இருக்கிறது. நோட்டில் பதினான்கு வரிசை என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். சரிவின் நீளம் மாடலில் 52 மில்லிமீட்டர். பதினான்கால் வகுத்தால் ஒரு வரிசை ஏறத்தாழ 3.7. பல்பைச் சுற்றி வரும் மெல்லிய நெளிவு அட்டையில் மேட்டுக்கு மேடு இரண்டரை மில்லிமீட்டர் இருந்தது. ஓட்டின் அகலத்துக்கு அது சரியாகப் பொருந்தியது. அதை ஐந்து மில்லிமீட்டர் கீற்றுகளாக நறுக்கினேன். இறவாரத்தில் முதல் கீற்று. அதன் மேல் அடுத்த கீற்று, 3.7 வெளியே தெரியும்படி, மேடு மேட்டின் மேல் உட்காரும்படி. ஓடு வேய்கிறவர் கீழிருந்து மேலே போவது போலவேதான். மேலிருந்து தொடங்கினால் கடைசி வரிசை இறவாரத்தில் அரைகுறையாக நிற்கும். வரிசைகளை எண்ணியிருக்காவிட்டால் நான் பத்தோடு நிறுத்தியிருப்பேன், வீடு பொம்மை வீடாகியிருக்கும். ஓட்டின் அளவு தப்பினால் மற்ற எல்லா அளவும் சரியாக இருந்தும் பயனில்லை. பார்க்கிறவர் கண் அதை வைத்துத்தான் வீட்டின் பருமனை எடுத்துக்கொள்கிறது.

நிறமும் ஒரே சிவப்பில்லை. அடியில் கரும்பழுப்பு அடித்துக் காயவிட்டு, தூரிகையில் செங்கல் நிறத்தைத் தொட்டு, துணியில் துடைத்து, மிச்சமிருப்பதை மேடுகளில் மட்டும் தடவினேன். மழை அடிக்கும் மேற்குச் சரிவில் பாசிக்கறுப்பு கூடுதல், முகட்டோரம் குறைவு. தேங்காய் விழுந்து உடைந்து மாற்றிய ஓடுகள் ஏழெட்டை மட்டும் புதுச் சிவப்பில் தொட்டேன். அடுக்களைக்கு மேலே வெளிச்சத்துக்காக ஒரு கண்ணாடி ஓடு இருந்தது. அந்த ஒரு ஓட்டின் இடத்தை வெட்டியெடுத்து, பிளாஸ்டிக் தாளை வளைத்து வைத்தேன். அடியில் மஞ்சள் சாயல் கொண்ட எல்.இ.டி. ஒன்று. 12 வோல்ட்டுக்கு ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர் சேர்த்தால் குண்டு பல்பு போல மங்கலாக எரியும். அறை விளக்கை அணைத்துவிட்டு முதல் முறை போட்டபோது, கறுத்த கூரையின் நடுவில் அரிசியளவு ஒரு வெளிச்சம் மட்டும் நின்றது. அடுக்களையில் யாரோ இருக்கிறார்கள் என்று உடம்பு நம்பிவிட்டது. நான் அன்றிரவு வண்டி ஓட்டவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நடைமேடையை ஒட்டுவதற்கு முன் உங்களிடம் உள்ளதில் நீளமான பெட்டியின் மூலையில் ஒன்று, நடுவில் ஒன்று என்று பென்சில் கட்டி, கையால் வளைவில் தள்ளிப் பாருங்கள். 18 அங்குல ஆர வளைவில் 245 மில்லிமீட்டர் பெட்டியின் வயிறு உள்ளேயும் மூலைகள் வெளியேயும் நன்றாகத் துருத்தும். அந்தக் கோட்டுக்கு வெளியேதான் நடைமேடையும் கம்பமும். இடம் இருந்தால் 22 அங்குலத்துக்குக் குறைய வேண்டாம். தென்னையைக் குட்டையாகச் செய்யாதீர்கள். உயர்ந்து வளர்ந்த தென்னை அறுபது அடி போகும். மாடலில் 21 சென்டிமீட்டர். கட்டடங்களை விட மூன்று நான்கு மடங்கு உயரமாக நிற்கும்போதுதான் அது நம் ஊர். கம்பியில் கயிற்று நாரைச் சுற்றித் தடி, பச்சைக் காகிதத்தை ஓரம் முழுக்கக் கத்தரித்து மட்டை. கடையில் கிடைக்கும் மனித உருவங்கள் கோட்டு போட்டு வரும். டிஷ்யூ காகிதத்தைப் பசைத்தண்ணீரில் நனைத்து இடுப்பில் சுற்றினால் வேட்டி. சாயாக்கடையில் தொங்கும் ஏத்தன் வாழைக்குலைக்கு நூல் முனையில் ஃபெவிகால் சொட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் காயவைத்தேன். தண்டவாளத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் வாரம் ஒரு முறை துடைத்தால் போதும். உப்புத்தாள் போட்டால் கீறல் விழுந்து, அடுத்த அழுக்கு அதில் போய் உட்காரும்.

போன ஓணத்துக்குப் பிறகு பெரியம்மையை அழைத்துவந்தேன். எண்பத்தொரு வயது, மாடிப்படி ஏறக் கால் மணி நேரம் ஆனது. நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். வண்டியைப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்துப் போட்டுக்கொண்டு வீட்டையே பார்த்தார். முன்பக்கம், கிழக்குப் பக்கம், கூரை. பின்சுவருக்கு வந்ததும் விரலை நீட்டினார்.

"மக்களே, அடுக்களை ஜன்னல் இவ்வளவு உயரத்தில் இல்லை. என் இடுப்புக்குத்தான் இருந்தது. உன் அம்மை அது வழியாகத்தான் குதித்து ரயில் பாதை போடுவதை வேடிக்கை பார்க்கப் போவாள். மூன்று அழியில் நடு அழி கிடையாது."

நான் அளக்காமல் விட்ட சுவர் அது. நான்கடி உயரத்தில், மூன்று கம்பியோடு ஜன்னலை வெட்டியிருந்தேன். அம்மை அப்போது என் தங்கையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தவர், அந்த ஜன்னல் வழியாகக் குதித்தவர் என்பது எனக்குத் தெரியாது. அவரிடம் கேட்கவும் இப்போது வழியில்லை. பெரியம்மை போன பிறகு அந்தச் சுவரை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீர் தொட்டு இளக்கிக் கழற்றினேன். புதுச் சுவரில் ஜன்னலின் அடி விளிம்பு ஒன்பது மில்லிமீட்டரில் நிற்கிறது. அழிக்குத் தென்னை ஈர்க்கின் நுனியைச் சீவி வைத்தேன், இரண்டு மட்டும்.

இப்போது நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு படிப்புரை வேண்டியிருக்கிறது. நான் பஸ்ஸில் போகும் வழியில் ஒன்று இருக்கிறது. சாலை ஓரம், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. போன ஞாயிறு இறங்கிப் போய்க் கதவைத் தட்டினேன். வெளியே வந்த ஆச்சியிடம் விஷயத்தைச் சொல்லி, நோட்டில் அம்மை வீட்டின் பக்கங்களைக் காட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு எதுவும் கேட்காமல் என் கையிலிருந்த டேப்பின் நுனியை வாங்கி, சுவரின் இடது மூலையில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். பின்சுவரிலிருந்து தொடங்கினோம். வாசல் நிலையின் உள் உயரம் ஐந்தடி இரண்டங்குலம். பதினெட்டு மில்லிமீட்டர்.